பலெர்மோவில் ஐஸ் பார்க்கப் போனோம்

பலெர்மோவுக்கு நான் போனது ஐஸ் பார்ப்பதற்காக. அந்த ஊரைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே ஐஸ் என்றால் மீனுக்கு மேலே கொட்டுவது, இல்லையென்றால் ஐஸ்கிரீமாக்கிப் பாண் ரொட்டிக்குள் வைத்துத் தின்பது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, மாசி மாதம். என்னை அழைத்துப்போனவர் ஸெப்.

ஸெப் ஆஸ்திரிய எல்லைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கில் பிறந்தவர். இடம் இத்தாலி, பேச்சு ஜெர்மன். ஐஸ் ஹொக்கி விளையாடியவர். எங்கள் ஆட்களுக்கு அந்த விளையாட்டு அவ்வளவாகத் தெரியாது. அடியில் கத்தி வைத்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஐஸ் தரையில் வழுக்கிப் பாய்ந்து, ஒரு கறுப்பு றப்பர் வட்டை வளைந்த தடியால் அடிப்பார்கள். பாதி நேரம் வட்டுக்கு அடி, மீதி நேரம் ஆளுக்கு அடி. ஸெப் ஆளுக்கு அடிக்கும் பக்கம். மீசை முளைத்த வயதிலேயே முன்பற்கள் போய்விட்டன. நாட்டு அணிக்கும் ஆடினார். முழங்கால் போனதும் பயிற்சியாளர் ஆனார். பிறகு எங்கள் பள்ளத்தாக்கு ஐஸ் மண்டபத்துக்கு மேலாளர். இரண்டு மொழியும் தெரியும், கூட்டத்தில் குடிப்பதில்லை என்பதற்காக ஐஸ் ஹொக்கிச் சங்கத்துக்காரர்கள் அவரைத் தலைமை அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். கழுத்துப்பட்டி கட்டி, கட்டுப்பல் வைத்து, நாடு முழுவதும் மண்டபங்களைப் பார்த்து "சரி" என்றோ "சரியில்லை" என்றோ எழுதிக்கொடுக்கும் உத்தியோகம்.

நான் அந்தப் பள்ளத்தாக்கு மண்டபத்தில் வேலைக்காரன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஊர்காவற்றுறையில் இருந்து கிளம்பி, ஜெர்மனியில் முகாம், வியன்னாவில் சட்டி கழுவல், இடையில் ஸ்டேஷன் வாங்குகளில் படுக்கை என்று அலைந்து அங்கே ஒதுங்கினேன். ஐஸ் வழிப்பது, தண்ணீர் விடுவது, ஆட்டக்காரர்களின் கத்திச் சப்பாத்துகளைத் துடைத்துத் தீட்டி வைப்பது என் வேலை. கத்தியை ஈரத்தோடு வைத்தால் துருப்பிடிக்கும். மேலாளராக இருந்த காலத்தில் ஸெப் என்னை அதிகம் திட்டியது அதற்காகத்தான்.

வேலை பனிக்காலத்துக்கு மட்டும். வசந்தம் வந்தால் ஐஸ் உருகும், என் பெர்மெஸ்ஸோவும் முடியும். அந்த வதிவிடத் தாளை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் குவெஸ்துராவில் பொலிஸ்காரன் ஒரே கேள்வியைத்தான் கேட்பான்: வருடம் முழுக்க வேலை இருக்கிறதா?

அந்த மாசியில் ஸெப் வந்து சொன்னார்: "பலெர்மோவில் புது ஐஸ் மண்டபம் கட்டியிருக்கிறார்களாம். அங்கே ஐஸைத் தொட்டுப் பார்த்தவன் ஒருவன்கூட இல்லை. உன் அக்காவும் அங்கேதானே இருக்கிறாள், டோனி? மண்டபம் சரியென்றால் உனக்கு வருடம் முழுக்க வேலை." மண்டபம் திறந்தால் தெற்கு வரைக்கும் ஐஸைக் கொண்டுபோனவர் என்று சங்கத்தில் அவரை உதவித் தலைவர் ஆக்குவார்கள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அதை அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டதில்தான் என் சந்தேகம் தொடங்கியது.

ரயில் இத்தாலியின் கால்வரை போய் நின்றதும், பெட்டி பெட்டியாகக் கழற்றிக் கப்பலுக்குள் தள்ளினார்கள். ரயிலைக் கப்பலில் ஏற்றுவார்கள் என்று யாராவது ஊரில் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். எதிரே இருந்த பெண் முட்டை உரித்துக்கொண்டே எங்கே போகிறோம் என்று கேட்டாள். ஸெப் சொன்னார்.

"ஐஸ் மண்டபமா? என் அண்ணன் மகன் அதிலேதான் சீமெந்து பூசினான். அவனுக்குக் கலியாணமாகிப் பிள்ளையும் பிறந்துவிட்டது. அது முடிந்துவிட்டதா?"

"முடிந்துவிட்டதாம்."

அவள் சிரித்துச் சிரித்து இருமினாள். பிறகு ஆளுக்கொரு முட்டை தந்தாள், செத்தவீட்டுக்குப் போகிறவர்களுக்குக் கொடுப்பதுபோல.

செவ்வாய்க்கிழமை பலெர்மோ ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் எங்களுக்காக மண்டபக்காரர்களின் ஆள் தொத்தோரே நின்றார். அந்த ஊரில் கழுத்துப்பட்டி கட்டியவர் எல்லோருமே தொத்தோரே. இவர் எதற்கு டாக்டர் என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. ஸெப்பின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். என்னைப் பார்த்து, "இவன்?" என்றார்.

"ஐஸ்காரன்," என்றார் ஸெப்.

"ஆ!" என்று என் கையையும் குலுக்கினார். கையை விட நேரமெடுத்தது.

நேரே சாப்பாட்டுக் கடை. சாளை மீன் போட்ட பாஸ்தா வந்தது, அதற்குள் முந்திரிகை வற்றல், உலர்ந்த திராட்சை. எங்கள் வீட்டு மீன் குழம்பில் யாராவது முந்திரிகை வற்றலைப் போட்டிருந்தால் அம்மா சட்டியோடு எறிந்திருப்பார். ஆனால் இது ருசியாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல சாப்பாடு போடுகிறவன் எதையோ மறைக்கிறான் என்பது முகாம்களில் நான் படித்தது. சாப்பிட்டு முடிந்ததும் ஸெப், "ஐஸைப் பார்ப்போமா?" என்றார்.

தொத்தோரே காயப்பட்டவர்போல நெஞ்சில் கை வைத்தார். "இவ்வளவு சாப்பிட்ட பிறகா? நாளைக்கு."

புதன்கிழமை போர்கோ வெக்கியோவில் நாங்கள் தங்கிய விடுதிக்கு முன்னால் தொத்தோரேயின் கார் நின்றது. அதை மறித்து ஒரு மீன் வான், வானை மறித்து இன்னொரு கார். தொத்தோரே ஹோன் அடித்தார். தெருவே ஹோன் அடித்தது. பாதி முகத்தில் சவர நுரையோடு ஒருவன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "வருகிறேன், யாராவது சாகிறார்களா என்ன!" என்று கத்திவிட்டு மீதி முகத்தையும் சவரம் செய்யப் போனான். நாங்கள் கிளம்பியபோது பகல் சாப்பாட்டு நேரம். தொத்தோரே அந்தச் சாக்கை விடவில்லை. மறுபடியும் சாப்பிட்டோம்.

பிற்பகலில் ஒருவழியாக மண்டபத்துக்கு முன்னால் நின்றோம். ஊர் முடிந்து எலுமிச்சைத் தோட்டம் தொடங்கும் இடம். மஞ்சள் தகரக் கதவு, பூட்டு. மதிலுக்குள்ளே துருப்பிடித்த பாரந்தூக்கி ஒன்று, அதன் உச்சியில் காக்கைக் கூடு.

"சாவி வைத்திருப்பவன் ஞானஸ்நானத்துக்குப் போய்விட்டான்," என்றார் தொத்தோரே. "தங்கச்சியின் குழந்தைக்கு."

"புதன்கிழமையிலா?" என்று என் வாய் கேட்டுவிட்டது. நான் கத்தோலிக்கன். ஞானஸ்நானம் எந்தக் கிழமையில் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஸெப் என் காலை மிதித்தார்.

ஐஸ் மண்டபம் சத்தம் போடும். குளிர்யந்திரம் இரவுபகல் உறுமிக்கொண்டே இருக்கும், மதிலுக்கு வெளியே நின்றால் உள்ளங்காலில் அதிர்வு தெரியும். இங்கே கேட்டது காக்கை மட்டும். ஸெப்புக்கும் கேட்டிருக்கும், வாழ்க்கை முழுக்க அந்த உறுமலுக்குள் இருந்தவர். ஆனால் அவர் காதைச் சொறிந்துவிட்டு, "அழகான கதவு," என்றார்.

அன்று மாலை காப்பிக் கடையில் தொத்தோரே அவர் பக்கம் சாய்ந்து சொன்னது என் காதில் விழுந்தது. "உங்கள் கையெழுத்து ஒன்றுதான் குறை. உதவித் தலைவருக்கு என் வாழ்த்துகள்." ஒரு பெட்டியையும் மேசையில் தள்ளினார். உள்ளே பீச், அத்தி, எலுமிச்சை எல்லாம் இலையோடு இருந்தன. கடித்தால் எல்லாமே பாதாம் மாவும் சீனியும். ஸெப் ஒரு பொய் அத்திப்பழத்தைத் தின்று, கட்டுப்பல் முழுவதும் தெரியச் சிரித்தார்.

அவரும் இவர்களோடு சேர்ந்துவிட்டார் என்று நினைத்தேன். கோபம் வரவில்லை. சேர்ந்தால் எனக்கு வேலை கிடைக்குமே என்ற கணக்கும் கூடவே ஓடியது.

வியாழக்கிழமை பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போனேன். இத்தாலியில் வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் ஓய்வு. அதனால் எங்கள் ஆட்களின் சண்டை, சமாதானம், பெண்பார்ப்பு எல்லாமே பலெர்மோவில் வியாழன் பின்னேரம்தான் நடக்கும். பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு குசினி. படியில் மொரிசியஸ்காரர் ஒருவர் நெற்றியில் விபூதியோடு எதிர்ப்பட்டு எனக்குப் பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். பெயர் வேலாயுதமாம், தமிழ் ஒரு சொல் தெரியாதாம்.

அக்கா ரெஜினா கணவாய்க் கறியும் புட்டும் வைத்திருந்தாள். நான் தின்னத் தின்னத் தட்டில் போட்டாள்.

"அப்ப வேலை சரியோடா தம்பி?"

"மண்டபத்தை இன்னும் கண்ணாலை காணேல்லை அக்கா. எனக்கெண்டால் சந்தேகமாக் கிடக்கு."

"உனக்கு எதிலைதான் சந்தேகமில்லை? சின்னனிலை கோயில் நற்கருணையையே மணந்து பாத்தனி."

அந்த நேரம் அத்தான் பிலிப்பு வந்தார். காலையில் மாடிவீட்டுப் படிகள் கழுவுவார், பிறகு யார் கூப்பிட்டாலும் போவார். கை இரண்டும் வெளிறிச் சுருங்கி, விரல் நுனிகள் வெடித்திருந்தன.

"என்ன அத்தான் கை?"

"ஐஸ் இறக்கினது. விடிய வெள்ளனத் துறைமுகத்து ஐஸ் பக்டரியிலை லொறியிலை ஏத்தி, கொண்டுபோய்க் கொட்டினது. நாங்களும் மொரிசியஸ் பெடியளும். மீன்பெட்டிக்குப் போடுற தூள் ஐஸ்."

"ஆருக்கு?"

"ஆருக்குத் தெரியும்? பெரிய மண்டபம். நிலத்திலை கறுப்புப் பிளாஸ்டிக் விரிச்சுக் கிடந்தது. அதுக்கு மேலை கொட்டி, மட்டம் தட்டி, உப்புத் தூவித் தண்ணி தெளியெண்டாங்கள். கலியாணமோ, சினிமாவோ தெரியேல்லை. வெளியிலை ஒரு பாரந்தூக்கி, மேலை காகக் கூடு. இந்த ஊர்க் காகத்துக்கும் விசர்."

அதுதான் நாங்கள் பார்க்க வந்த மண்டபம் என்று நான் சொன்னதும் அத்தான் வாயைப் பிளந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப உன்ரை ஐஸை நானே காவினனான்!"

அக்கா சிரிக்கவில்லை. "இதை அந்த வெள்ளையனுக்குச் சொல்லப்போறியோ?"

"தெரியேல்லை."

"வாயைத் திறக்காதை. ஐஸ் பொய்யெண்டால் எங்களுக்கென்ன? வேலைக் கொன்ராத்து உண்மை. அதைக் காட்டினால் பெர்மெஸ்ஸோ உண்மை. இஞ்சை எத்தினை பேர் நாயில்லாத வீட்டிலை நாய் பாக்கிறம் எண்டு தாள் எடுத்திருக்கினம்? நீ எங்கையெண்டில்லாமல் திரிஞ்சது காணும். இஞ்சை வந்து இரு."

அவள் சொன்னது முழுவதும் உண்மை. பொய் வேலையில் உண்மைத் தாள் எடுத்து நிம்மதியாகக் குடியிருப்பவர்கள் அந்தத் தெருவிலேயே இருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. விடுதிக்குத் திரும்பியதும் ஸெப், "அக்கா சுகமா?" என்று கேட்டார். சுகம் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவருக்கும் என்மேல் ஏதோ சந்தேகம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஹோனும் இல்லை, சாப்பாடும் இல்லை. கார் தயாராக நின்றது. மஞ்சள் கதவு திறந்திருந்தது, ஞானஸ்நானம் முடிந்துவிட்டதுபோல. உள்ளே வெள்ளை வெளேரென்று ஐஸ். முழு மைதானம் இல்லை, வாசலுக்குக் கிட்ட ஒரு கலியாணப் பந்தல் அளவு. மீதியைத் திரை கட்டி மறைத்திருந்தார்கள். படம் பிடிக்க ஒருவன். யந்திரச் சத்தம் எங்கே என்று நான் கேட்கவில்லை. தொத்தோரே தானாகவே, "புது யந்திரம், சத்தமே வராது," என்றார்.

ஸெப் வாங்கில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். பிறகு வாய்க்குள் விரல் விட்டுக் கட்டுப்பல்லை எடுத்து, கைக்குட்டையில் சுற்றி என்னிடம் தந்தார். அடிபிடி ஆட்டத்துக்கு இறங்குகிறவர்கள்தான் பல்லைக் கழற்றுவார்கள். பழைய ஆட்டக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை பியருக்காக விளையாடும் ஆட்டத்துக்குக்கூட ஸெப் கழற்றமாட்டார்.

கத்திச் சப்பாத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நல்ல ஐஸில் கத்தி போனால் துணி கிழிவதுபோலச் சத்தம் வரும். இங்கே நனைந்த சீனியில் கரண்டி விட்டதுபோல வந்தது. அந்தக் கெட்ட முழங்காலை வளைத்து மெதுவாக ஒரு சுற்று வந்தார். படம் எடுத்தார்கள். தொத்தோரே கைதட்டினார். மீன் வாடை எனக்கே அடித்தது.

கரைக்கு வந்த ஸெப் பல்லில்லாத வாயால், "நல்ல ஐஸ்," என்றார்.

தொத்தோரே அவரைக் கட்டிப்பிடித்தார். கையெழுத்து வைக்கத் தாளை நீட்டினார். "என் முத்திரை அலுவலகத்தில் இருக்கிறது. அங்கே வைத்துப் போடுகிறேன்," என்றார் ஸெப். தொத்தோரேயின் முகம் கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறியது. பிறகு என் தோளில் கை போட்டார். "உன் முழுப் பெயரைச் சொல்லு மகனே. ஐஸுக்குப் பொறுப்பாக உன் பெயரைத்தானே போடவேண்டும்." எழுத்து எழுத்தாகக் கேட்டுக்கொண்டார். என் பெயரை அவ்வளவு அக்கறையாக ஓர் இத்தாலியன் அதுவரை கேட்டதில்லை.

நான் பழக்கத்தில் குந்தி, ஸெப்பின் கத்திச் சப்பாத்துகளை எடுத்து, பையிலிருந்த துணியை உருவினேன். அவர் குனிந்து என் காதுக்குள், ஜெர்மனில், "துடைக்காதே," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. சரியாகக் கேட்டேனா என்று அவரைப் பார்த்தேன். பல்லை வாங்கி வாயில் பொருத்திக்கொண்டு தொத்தோரேயோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலையில் ரயில். அத்தான் ஒரு பொட்டலத்தோடு ஓடிவந்தார். மீன் ரோல்ஸ், சூடாறாமல் இருந்தது.

"அக்கா கேட்டவ, என்ன முடிவெண்டு."

"பிறகு ரெலிபோன் எடுக்கிறன் எண்டு சொல்லுங்கோ அத்தான்."

"அவ தான் வேலைசெய்யிற வீட்டுச் சிக்னோராட்டைச் சொல்லி உனக்கொரு கட்டிலும் ஒழுங்குபண்ணிப் போட்டா," என்றார். ரயில் நகர்ந்ததால் பதில் சொல்லாமல் தப்பினேன்.

மெசினாவில் ரயில் மறுபடி கப்பலுக்குள் போனது. ஸெப் எழுந்து காப்பி குடிக்க மேல்தட்டுக்குப் போனார். கத்திச் சப்பாத்துப் பையை என் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டுப் போனார்.

திறந்து பார்த்தேன். இரண்டு கத்தியும் நுனியிலிருந்து குதிவரை செம்மஞ்சளாகத் துருப்பிடித்திருந்தன. உப்பு. எங்கள் மண்டபத்து ஐஸ் ஒருநாளில் கத்தியை இப்படித் தின்றதில்லை, எங்கள் ஐஸில் உப்பு இல்லை. ஸெப் ஐஸில் நிற்கும் படம் தொத்தோரேயிடம் இருக்கிறது. அதற்கு எதிராகச் சங்கத்தின் மேசையில் வைக்க ஸெப்பிடம் இருப்பது இந்தத் துரு மட்டும். என்னிடம் துணி இருந்தது, தீட்டும் கல் இருந்தது, எண்ணெய்ச் சீசா இருந்தது. அவர் காப்பி குடித்து முடிப்பதற்குள் கத்தி இரண்டையும் கண்ணாடிபோல ஆக்கிவிடலாம். பிறகு அவர் என்ன சொன்னாலும் தொத்தோரேயின் படம்தான் வெல்லும். எனக்குத் தாள், கட்டில், வியாழன் பின்னேரம் அக்காவின் புட்டு.

துணியை எடுத்து மடியில் விரித்தேன்.

அவர் என்னை நம்பித்தான் பையை விட்டுப்போனாரா, சோதிக்கவா? அத்தான் ஐஸ் சுமந்தது அவருக்குத் தெரியுமா? இன்றுவரை தெரியாது, கேட்டதும் இல்லை. அப்போது எனக்கு ஞாபகம் வந்தது தொத்தோரே என் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டதுதான். என்றாவது ஒருநாள் பொலிஸ் அந்தத் திரையை விலக்கும். அன்றைக்கு தொத்தோரேயின் பெயர் அங்கே எதிலும் இருக்காது. ஐஸுக்குப் பொறுப்பு என்று ஒரே ஒரு பெயர் இருக்கும், அது என்னுடையதாக இருக்கும். இது ஒரு காரணம். இன்னொன்று, அந்தத் துருவைப் பார்க்கப் பார்க்க எனக்கு அத்தானின் விரல்கள்தான் தெரிந்தன. அதை இதற்குமேல் விளக்கத் தெரியவில்லை.

பசித்தது. பொட்டலத்தைப் பிரித்து ரோல்ஸைத் தின்றேன். கையெல்லாம் எண்ணெய். மடியில் கிடந்த துணியில் கையைத் துடைத்துச் சுருட்டிப் பொட்டலத் தாளோடு குப்பையில் போட்டேன். ஸெப் வந்தார். உட்காருவதற்கு முன் பையைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பாதாம் மாவுப் பழப் பெட்டியைத் திறந்து முழு எலுமிச்சையை என்னிடம் நீட்டினார்.

சங்கக் கூட்டத்தில் அவர் அந்தக் கத்திச் சப்பாத்துகளை மேசைமேல் வைத்தாராம். மேசைவிரிப்பில் கறை பட்டதாக யாரோ குறைபட்டுக்கொண்டார்களாம். உதவித் தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது. அடுத்த பனிக்காலத்துக்கு முன்பே ஸெப் எங்கள் பள்ளத்தாக்கு மண்டபத்துக்கு மேலாளராகத் திரும்பிவிட்டார், கழுத்துப்பட்டி இல்லாமல். பலெர்மோ மண்டபத்தில் இப்போது எலுமிச்சைப் பெட்டி அடுக்குகிறார்கள் என்று அத்தான் சொன்னார். நான் இன்னும் குவெஸ்துரா வரிசையில் நிற்கிறேன். அதே பொலிஸ்காரன், அதே கேள்வி.

நடந்ததை ரெலிபோனில் கேட்ட அக்கா உயிர்த்த ஞாயிறு வரை என்னோடு கதைக்கவில்லை. கதைத்தபோது முதல் கேட்டது இதைத்தான்: "துடைக்கிறதுதானேடா உன்ரை வேலை? அண்டைக்கு மட்டும் உனக்கென்ன வந்தது?"

அந்தப் பழைய சோடி ஸெப்பின் அறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது, துருவோடு. புதுச் சோடி வாங்கியிருக்கிறார். தினமும் மாலையில் ஐஸை விட்டு வெளியே வந்து அதை என்னிடம் தந்துவிட்டு உடை மாற்றப் போவார். திரும்பி வந்து, "துடைத்தாயா, டோனி?" என்று கேட்பார். துடைத்தேன் என்பேன். நம்பமாட்டார். கட்டைவிரலால் கத்தியை நுனியிலிருந்து குதிவரை தடவிப் பார்த்துவிட்டுத்தான் போவார்.